பதினாலாம் நம்பர் அறை

விடுதி வாசலில் வார்டன் ஒட்டிய நோட்டீசில்
ராகிங் என்ற சொல்லின்மேல்
யாரோ ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறார்கள்.
நாங்கள் ராகிங் செய்வதில்லை.
ஆள் சேர்க்கிறோம்.

வருசத்துக்கு மூன்று பேர்.
முந்தின செட் அக்காமார் விட்டுப்போன
கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில்
பச்சை மையில் விதிகள்,
ஆசிட் தின்ற ஓட்டைகளோடு.

முதல் இன்டர்னல் முடியும்வரை
புதுசுகளிடம் நாமாகப் போய்ப் பேசக் கூடாது.
தின்ன வாங்கிக் கொடுத்து இழுக்கக் கூடாது.
(ஒன்பதாம் நம்பர்க்காரிகள் நாலு ரோட்டில்
பப்ஸ் வாங்கிக் கொடுத்தே ஆறு பேரைப் பிடித்துவிட்டார்கள்
என்று ஓரத்தில் ஒரு புகார்.)
அழுகிறவளை அன்றைக்கே கேட்காதே,
அழுகை நின்று மூன்று நாள் போகட்டும்.
புதன்கிழமைக் களியை முகம் சுளிக்காமல் உருட்டுகிறாளா, பார்.
சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறவளிடம்
ஏன் என்று கேட்காதே.
தர்மபுரித் தண்ணீர் நம் எல்லார் பல்லிலும்
கையெழுத்துப் போட்டிருக்கிறது.

ஒன்பதாவது விதி:
ஒருத்தி வேண்டாம் என்றாலும் வேண்டாம்.
காரணம் கேட்கப்படாது.

அதற்குத்தான் புளியங்கொட்டை, ஆளுக்கு இரண்டு.
ஒன்று தேய்த்து வெளுத்தது, மற்றது கறுப்பு.
விளக்கை அணைத்துவிட்டு
சொம்புக்குள் கைவிட்டுப் போட வேண்டும்.
விழுகிற சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்த வருசம் முதல் பெயர் பூங்காவனம்.
தாவரவியல். ரெட்டைச் சடை.
ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றுதான் பெட்டி, பீரோ எல்லாம்.
ஹம்சவேணி எல்லாரையும் கேட்பதுபோல்தான் கேட்டாள்.
"எந்த ஊரு பாப்பா?"
"பென்னாகரம் பக்கம்க்கா."
"பக்கம்னா?"

அந்தப் "பக்கம்னா" எனக்குத் தெரியும்.
இரண்டு வருசம் முன்னால் இதே கட்டில் முனையில்
அதற்கு நான் கடைவீதியைச் சொன்னேன்.
பஸ் ஜன்னல் வழியே
மருந்துக்கடைப் பலகையில் படித்த தெருப்பெயர்.

இவள் சொல்லிவிட்டாள்.
ரேசன் கடையில் இறங்கி, கிழக்கே, ஓடை தாண்டி,
காலனி, மூணாவது லைன்,
தண்ணி டேங்குக்கு எதிர்வீடு.
பஸ் டைம் கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.
சொல்லிவிட்டு
வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

எங்கள் வீடு அஞ்சாவது லைன்.
ஆறாம் வகுப்பிலிருந்தே நான் விடுதிப் பிள்ளை,
பண்டிகைக்குத்தான் போவேன்.
"இந்த அக்காவை எங்கியோ பாத்திருக்கேன்" என்றாள்.
பொதுவான மூஞ்சி, என்றேன்.
அறை சிரித்தது.

சொம்பைக் கவிழ்த்தோம்.
மூன்று வெள்ளை.
ஒரு கறுப்பு.
மாதேஸ்வரி ஹம்சவேணியைப் பார்த்தாள்.
"சாமி சத்தியமா நான் இல்ல" என்று
ஹம்சவேணி அழத் தொடங்கினாள்.
ருத்ரப்பிரியா ஃபேனைப் பார்த்தாள்.
நான் நோட்டைப் பிரித்து
ஒன்பதாவது விதியை உரக்கப் படித்தேன்.

போய்ச் சொல்வது யார் என்று விதியில் இல்லை.
செயலாளர் என்பதால் நான்.
காலையில் குழாயடியில்,
இந்த வருசம் இடம் இல்லை, என்றேன்.
"பரவால்லக்கா."
தன் குடத்தைப் பின்னே இழுத்து
என் குடத்தை முன்னே தள்ளினாள்.
பிறகு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள்,
எனக்கு மட்டும் கேட்கும்படி:
"பண்டிகைக்கு வருவீங்கள்ல?"

ஒன்பதை அடித்துவிட்டேன்.
மேலே நீல மையில் எழுதினேன்,
கறுப்புப் போடுகிறவள் காரணம் சொல்ல வேண்டும்.
கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.
இன்னும் போடவில்லை.

மணி பத்து. விளக்கு அணைந்தாயிற்று.
அந்தக் கறுப்புக் கொட்டையை
சிமென்ட் தரையில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.
மூன்று பேரும் தூங்கவில்லை,
தூங்குகிறவர்கள் இவ்வளவு அமைதியாய் மூச்சு விடமாட்டார்கள்.
தேய்த்த கொட்டை சுடும்.
அஞ்சாவது லைனில் அதை அடுத்தவள் கையில் அழுத்திவிட்டு
ஓடிப்போவோம்.

இப்போது ஓட இடமில்லை.
இடது மணிக்கட்டைத் திருப்பி
வைத்துப் பார்க்கிறேன்.